சுழிய விழுக்காடு

கானாங்கெளுத்திக் குழம்பு என்றால் ராஜவேல் மூன்று தடவை சோறு வாங்குவான். அன்றைக்கு முதல் கவளமே கையில் நின்றுவிட்டது. டிவியில் கோட்டுப் போட்ட ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். வானத்திலிருந்து விண்கல் ஒன்று பூமியை நோக்கி வருகிறதாம். வருஷம் ஏதோ சொன்னாள், அது அவன் காதில் ஏறவில்லை. டிசம்பர் என்றது மட்டும் ஏறியது. மோதும் வாய்ப்பு மூன்று விழுக்காடு என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த முகமாகக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டாள்.

“கேட்டியாடி? மூணு விழுமாம்,” என்றான் ராஜவேல்.

“எது மூணு?” அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி சட்டியின் அடிக்குழம்பை வழித்துக்கொண்டிருந்தாள்.

“கல்லுடி. மூணு விழும், காடுங்கறா. எந்தக் காடுன்னு சொல்றாளா பாரு. சொல்ல மாட்டா.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி பாவாடைக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. பாவாடையின் பெண்டாட்டி மாலா புருஷன் தலையில் தட்டிக்கொண்டே, “மாமா, விழுக்காடுன்னா பர்சண்ட்டு மாமா. நூத்துல மூணு பங்கு. அதுவும் ஏழு வருஷம் கழிச்சு,” என்றாள். பன்னிரண்டாவது முடித்தவள். அந்த வீட்டில் எழுத்து என்றால் அவள்தான்.

“பர்சண்ட்டுன்னா பர்சண்ட்டுன்னு சொல்றதுதான? ஓட்டு எண்ணும்போது பர்சண்ட்டுங்கறான். சாராயத்துல இன்னா கலந்துருக்குன்னு பர்சண்ட்டுல எழுதுறான். கல்லு விழும்போது மட்டும் விழுக்காடா? நமக்குப் புரியக் கூடாதுன்னுதான அப்பிடிச் சொல்றான்?”

“அதான் ஏழு வருஷம் இருக்குதே மாமா.”

“ஏழு வருஷம்னு அவன் சொன்னா ஏழு நாளுன்னு வச்சிக்க. அவன் என்னிக்கு உள்ளதச் சொன்னான்?”

அந்த வீட்டில் பேர் இல்லாமல் ‘அவன்’ என்றால் சர்க்கார். பெயரைச் சொல்லக்கூட அவர்களுக்கு மனசு வராது. வராததற்குக் காரணம் இருக்கிறது.

இருபது வருஷத்துக்கு முந்தைய அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையில் முதல் அலை முழங்கால் அளவுக்குத்தான் தெருவில் வந்தது. வீராம்பட்டினமே அலறியடித்துக்கொண்டு அரியாங்குப்பம் ரோட்டுக்கு ஓடியது. ராஜவேல் இடுப்பில் பெண் குழந்தை, அப்போதுதான் நடக்கப் பழகியது. அஞ்சலாட்சியின் புடவையைப் பிடித்துக்கொண்டு தம்பி பாவாடை, அரைக்கால் சட்டையும் மூக்குச் சளியுமாக. ரோட்டில் ஒரு ஜீப் வந்தது. மைக்கில் ஒருவன், “பொதுமக்கள் அச்சமடையத் தேவையில்லை, வீடுகளுக்குத் திரும்பலாம்” என்று சொல்லிக்கொண்டே போனான். யார் அனுப்பிய ஜீப், எந்த ஆபீஸ் ஜீப் என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. குழந்தை பாலுக்கு அழுதது. அஞ்சலாட்சி, “நீ போய் டப்பாவ எடுத்தா, நான் இவன வச்சிகினு இங்க நிக்கிறேன்” என்றாள். குழந்தை அப்பனை விட்டு இறங்க மாட்டேன் என்றது. அதோடேயே போனான். இரண்டாவது அலை அவன் கையிலிருந்து அதை உருவிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அஞ்சலாட்சி இருந்த பாசத்தை எல்லாம் கொழுந்தன்மேல் கொட்டினாள். குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, அவன் படிப்பை விட்டு ஓடிப்போய் மீன் பிடிக்கக் கடலில் இறங்கியதும் தலையில் அடித்துக்கொண்டு, பெண் பார்த்துக் கட்டி வைத்து, இப்போது மாலாவின் ஏழு மாச வயிற்றுக்கு வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கிறாள். அண்ணனும் தம்பியும் ஒரே போட்டில் போக வேண்டும், ஒரே அடுப்பில் தின்ன வேண்டும். செங்கழுநீர் அம்மனிடம் அவள் கேட்பது அந்த ஒன்றுதான்.

பாவாடை மட்டும் சர்க்காரை நம்புகிறவனா என்றால், அதுவும் கிடையாது. அவன் அவநம்பிக்கை வேறு மாதிரி.

“கல்லும் இல்ல, மண்ணும் இல்லண்ணே. கரையில இருக்கறவன் பயந்துகினு ஓடணும், ஓடுன எடத்துல ஓட்டல் கட்டணும். சுனாமிக்கு அப்புறம் இன்னா பண்ணான்? கரைய வுட்டு வா, வூடு கட்டித் தரேன்னான். தோ, அதே பேச்சுதான் இப்ப வானத்துலேர்ந்து வருது.”

“வர்றத மறைக்கிறான்டா அவன்.”

“வராதத வருதுங்கறான்.”

இல்லாத ஆபத்தைக் கிளப்புகிறான் என்பான் தம்பி. இருக்கிற ஆபத்தை மூடுகிறான் என்பான் அண்ணன். இரண்டு பேருக்கும் ஒரே எதிரி. ஒரே எதிரி இருந்தால் ஒற்றுமை வரும் என்று எவன் சொன்னானோ தெரியவில்லை. அந்த வீட்டில் சோற்றுத் தட்டுதான் பறந்தது.

மறுநாளே ராஜவேல் கடலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மணலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவாடை கூலிக்கு ஓர் ஆளைச் சேர்த்துக்கொண்டு போய்வந்தான். அஞ்சலாட்சி எப்போதும் போலத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸும் கல்லுப்பும் போட்டு மீனை அடுக்கி, டவுனில் இருக்கும் நெல்லித்தோப்புக்குக் கொண்டுபோய் விற்றாள். அங்கே வாடிக்கையாக வஞ்சரம் வாங்கும் ஒரு சொல்தா வீட்டம்மா இருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் குடும்பம், மகன் பிரான்சில். அவள் பேச்சுவாக்கில், “அங்கெல்லாம் மாசத்துக்கு ஒரு புதன்கிழமை ஊருக்கே கேக்குற மாதிரி சங்கு ஊதிப் பாப்பாங்களாம்டி. ஆபத்து வந்தா ஊதறதுக்கு. இங்க என்னா இருக்கு?” என்றாள்.

அஞ்சலாட்சி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நெல்லித்தோப்பில் கேட்டதை வீராம்பட்டினத்தில் கொட்டாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டாள்.

“சங்கு ஊதறானா? பாத்தியா, பாத்தியா! பிரெஞ்சுக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன் சனத்துக்கு அவன் சொல்றான். நம்மகிட்ட மட்டும் இவன் மூடி வைக்கிறான்,” என்று ராஜவேல் எழுந்து வெளியே போனான். தெருத் தெருவாகச் சொன்னான். சுனாமியில் பிள்ளையைக் கொடுத்தவன் சொன்னால் யார் சிரிப்பது? பெண்கள் சிரிக்கவில்லை. இரண்டு குடும்பம் பாகூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு மூட்டை கட்டியது. பிறகு பத்துக் குடும்பம். கரையில் போட்டுகள் இறங்காமல் கிடந்தன.

ஏலக்காரன் ஆதிமூலத்துக்கு அதில்தான் ஆத்திரம். மீன் வந்தால்தானே அவனுக்கு ஏலம். ஒரு காலை வேளையில், கரையில் பத்துப் பேர் நிற்கும்போது வாயைத் திறந்தான்.

“இன்னா ராஜவேலு, கல்லு எத்தினி மணிக்கு? கொட எடுத்தாரட்டுமா?”

ராஜவேல் வானத்தைப் பார்த்தான்.

“வூட்டுக்கு வூடு போயி பொம்பளைங்கள அழ வைக்கிற. உனக்கு இன்னா தெரியும்? கையில வச்சிருந்த புள்ளைய அலைக்குக் குடுத்துட்டு வந்தவன்தான நீ?”

ஐஸ் உடைக்கும் கட்டை பக்கத்தில் கிடந்தது. ராஜவேல் குனிந்ததை எல்லாரும் பார்த்தார்கள், நிமிர்ந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. ஆதிமூலத்தின் தாடையில் அது இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது. பல்லும் ரத்தமுமாக அவன் மணலில் விழுந்தான். அவன் அண்ணன் தம்பிகள் ராஜவேலைச் சூழ்ந்துகொண்டார்கள். கீழே தள்ளி மிதித்தார்கள். விலாவில் மிதித்தார்கள், முகத்தில் மிதித்தார்கள். அப்போதுதான் கரையேறிய பாவாடை போட்டிலிருந்து ஈரக் கயிற்றோடு பாய்ந்து வந்தான். கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினான். ஒருத்தனுக்குக் காது கிழிந்தது. இன்னொருத்தன் பாவாடையின் தோளைக் கடித்துச் சதையைப் பிய்த்தான். பெண்கள் மண்ணை வாரிக் கண்ணில் எறிந்துதான் விலக்க முடிந்தது.

அன்று சாயந்திரம் இரண்டு பேரையும் வாசலில் உட்கார வைத்து அஞ்சலாட்சி மஞ்சள் குழைத்துப் போட்டாள். போடும்போதே திட்டினாள்.

“தம்பியுடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க? எரும மாட்டுக்கு எரும மாடு தொண. கட்டையில போறவனுங்களா, ஒருத்தன் செத்தா நான் இன்னாடா பண்ணுவேன்?”

“நீ நம்புறது சுத்தப் பொய்யிண்ணே. ஆனா உம்மேல ஒருத்தன் கால வச்சா வுட்டுருவனா?” என்றான் பாவாடை.

ராஜவேல் வீங்கிய கண்ணோடு தம்பியின் தோளைப் பார்த்தான். “உனக்கு எதுனா ஒண்ணுன்னா நான் இருக்க மாட்டேன்டா. அதுக்குத்தான்டா சொல்றேன். போட்ட எறக்காத,” என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். பாவாடை அவனுக்காக நாலு நாள் கடலுக்குப் போகவில்லை. அண்ணன் சொல்லை நம்பி அல்ல, அண்ணன் அழுததற்காக.

ஐந்தாம் நாள் காலையில் அந்த ஆட்டோ வந்தது.

ஊர் ஊராக வதந்தி பரவுகிறது என்று யாரோ மேலே சொல்லியிருக்க வேண்டும். மேலே இருந்தவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆட்டோவின் தலையில் கூம்பு ஸ்பீக்கர். ஒரு பெண்ணின் பதிவு செய்த குரல், நல்ல சுத்தமான தமிழ். சுத்தம் என்றால் அப்படிச் சுத்தம். பானைக்குள் ஒரு பருக்கை இல்லாத சுத்தம்.

“விண்கல் புவியின் மீது மோதும் வாய்ப்பு சுழிய விழுக்காடாகும். பொதுமக்கள் அச்சமடையத் தேவையில்லை.”

கடற்காற்று பாதிச் சொல்லை அடித்துக்கொண்டு போனது. மிச்சம் வந்தது ராஜவேலின் காதில் விழுந்தது. வலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

சுழி என்றால் படித்தவருக்குச் சைபராக இருக்கலாம். வீராம்பட்டினத்தானுக்குச் சுழி என்றால் ஆளை உள்ளே இழுத்து மூன்று நாள் கழித்து வெளியே துப்புவது. சைபர் என்று சொல்லியிருந்தால் அந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் புரிந்திருக்கும். சைபர் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வலித்ததா என்ன?

“சுழி விழுதாம். முன்ன மூணுன்னான். இப்ப சுழியே விழுதாம்,” என்றான் ராஜவேல். அவன் குரலில் சத்தம் இல்லை. “அஞ்சல, பாவாடை எங்க?”

மாலா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். “மாமா, சுழியம்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் மாமா! கல்லு வராதுன்னு சொல்றாங்க!”

“அச்சமடையத் தேவையில்லன்னானா இல்லியா? அதச் சொல்லு.”

“சொன்னாங்கதான், ஆனா…”

“அவ்ளோதான். பாவாடை எங்க?”

பாவாடை கரைக்குப் போயிருந்தான். நாலு நாள் பொறுத்தது போதும் என்று விடிந்ததும் கிளம்பிவிட்டான். அஞ்சலாட்சி வாயைத் திறப்பதற்குள் ராஜவேல் விறகுக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு நடந்தான். ஓடவில்லை, நடந்தான். பக்கத்து ஊரில் வாங்கிய மீனோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப இருந்தவள், பெட்டியோடேயே பின்னால் ஓடினாள்.

கரையில் பாவாடை போட்டின் மூக்கைத் தோளால் முட்டித் தண்ணீர்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான்.

“எறங்காதடா.”

“ஒதுங்குண்ணே.”

“சுழி விழுதுன்னு அவனே சொல்லிட்டான்டா. அச்சப்படத் தேவையில்லன்னும் சொல்லிட்டான். இன்னும் இன்னாடா வோணும் உனக்கு?”

“சுழியும் இல்ல, எழவும் இல்ல. மொதல்ல வருதுன்னான், இப்ப வரலங்கறான். ஏன்? பாதி ஊரு ஓடிப்போச்சில்ல, அவன் வேல முடிஞ்சிச்சி. இனிமே கரையில யாரும் தொழில் பண்ணலன்னு சொல்லி எடத்தப் புடுங்குவான். ஒரு போட்டாவது தண்ணியில நிக்கணும். அதுக்குத்தான் போறேன். ஒதுங்கு.”

ராஜவேல் தம்பியைக் கன்னத்தில் அறைந்தான். பாவாடை அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினான். மல்லாக்க விழுந்தவன் எழுந்து வந்து மறுபடியும் அறைந்தான். அறைந்துகொண்டே, “போவாதடா, போவாதடா” என்றான். ஒவ்வொரு ‘போவாதடா’வுக்கும் ஓர் அடி. பாவாடைக்கு வெறி ஏறிவிட்டது. போட்டிலிருந்து துடுப்பை உருவி வீசினான். அது ராஜவேலின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் குபுகுபுவென்று இரண்டு கண்ணிலும் இறங்கியது.

“போட்டு இருந்தாத்தானடா போவ!”

ராஜவேல் கோடாலியை ஓங்கினான். முதல் வெட்டு போட்டின் விளிம்பில் விழுந்து ஃபைபர் சிலும்பியது. இரண்டாவதில் பலகை தெரிந்தது. “அய்யோ, வாணாம்டா! யோவ், வுடுய்யா!” என்று அஞ்சலாட்சி கத்திக்கொண்டே வந்தாள். பாவாடை துடுப்பை எறிந்துவிட்டுப் பாய்ந்து, வெட்டு விழுந்த இடத்தில் தன் வலது கையை விரித்து வைத்தான்.

“வெட்டு! என்ன வெட்டிட்டு அப்புறம் போட்ட வெட்டு!”

கோடாலி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. ராஜவேலின் கண்ணில் ரத்தம், அவனுக்குக் கை தெரியவில்லை. அஞ்சலாட்சிக்குத் தெரிந்தது.

பாவாடை கத்தவில்லை. கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கட்டை விரலும் சுட்டு விரலும் இருந்தன. மற்றவை மணலில் கிடந்தன.

ராஜவேல் கண்ணைத் துடைத்தான். பார்த்தான். மாடு மாதிரி ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது. கோடாலியைத் திருப்பித் தன் கால்மேலேயே ஓங்கினான். இரண்டு பேர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

அஞ்சலாட்சி கலங்கவில்லை. முந்தானையைக் கிழித்துக் கொழுந்தன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள். குனிந்து மூன்று விரலையும் பொறுக்கினாள். மணலை ஊதி, கடல் தண்ணீரில் அலசினாள். மீன் பெட்டியைத் திறந்து, சங்கரா மீனை எல்லாம் மணலில் கவிழ்த்துவிட்டு, ஐஸுக்குள் விரல்களைப் புதைத்தாள். இடுப்பு முடிச்சிலிருந்த கல்லுப்பை மேலே தூவி மூடினாள். பிடித்த மீனைச் சாயந்திரம் வரைக்கும் உயிர் மீன் மாதிரி வைத்திருக்கத் தெரிந்தவள் அவள். வெட்டுப்பட்ட விரலை டாக்டர்கள் ஒட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

மைக் ஆட்டோதான் கிடைத்தது. டிரைவர் பயந்துபோய் ஸ்பீக்கரை நிறுத்த மறந்துவிட்டான். அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் அது அச்சமடையத் தேவையில்லை, அச்சமடையத் தேவையில்லை என்று கத்திக்கொண்டே போனது. ராஜவேல் தம்பியின் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் நெற்றி ரத்தம் தம்பியின் சட்டையில் சொட்டியது.

“மூணு விழும்னியேண்ணே,” என்றான் பாவாடை. பல் கிட்டிக்கொண்டது. “விழுந்துடுச்சி.”

பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரு போலீஸ்காரர் எழுத உட்கார்ந்திருந்தார்.

“எப்பிடி ஆச்சு?”

“இன்ஜின் விசிறியில மாட்டிக்கிச்சி சார்,” என்றாள் அஞ்சலாட்சி. கண் கூட இமைக்கவில்லை.

“இவருக்கு மண்ட?”

“காப்பாத்தப் போனாரு. கவுறு அறுந்து அடிச்சிருச்சி.”

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. எழுதிக்கொண்டார்.

ராஜவேலின் நெற்றியில் தையல் போட்டு வெளியே மரத்தடியில் உட்கார வைத்தார்கள். அஞ்சலாட்சி பெட்டியோடு உள்ளே போனாள். சின்ன வயசுப் பெண் டாக்டர் மூடியைத் திறந்தாள். விரல்கள் உப்பும் ஐஸும் ஒட்டி, கணவாய்த் துண்டு போல வெளுத்துக் கிடந்தன. டாக்டர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது.

“நேரா ஐஸ்லயே போட்டீங்களா?”

“ஆமாம்மா. கெட்டுப்போவக் கூடாதில்ல? உப்பும் போட்டேன். உப்புப் போட்டா நல்லா நிக்கும்.”

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். பிறகு அவள் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னாள். “ஈரத்துணியில சுத்தி, ஒரு கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரத்தாம்மா ஐஸ்ல வைக்கணும். ஐஸ் நேராப் படக்கூடாது. இது உள்ள வரைக்கும் ஒறஞ்சிபோச்சு. இனிமே ஒட்டாதும்மா.”

“நான் நல்லதுக்குத்தாம்மா…”

“தெரியும்மா. உயிருக்கு ஒண்ணுமில்ல. பயப்படத் தேவையில்ல.”

அஞ்சலாட்சி பெட்டியை மூடினாள். வலது கையில் மூன்று விரல் இல்லாதவன் எந்தக் கயிற்றை இழுப்பான்? வலையை எதில் பிடிப்பான்? உள்ளே, பின்னாலேயே வந்து சேர்ந்த மாலா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. வெட்டியது புருஷன் என்றால், ஒட்டவிடாமல் செய்தது அஞ்சலாட்சியின் கைதான். அதை ஒருவரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஈரப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மரத்தடியில் ராஜவேல் எழுந்து நின்றான். வேட்டியெல்லாம் ரத்தம். குழந்தை மாதிரி அவள் முகத்தையே பார்த்தான்.

“ஒட்டிருவாங்களா? இன்னாடி சொன்னாங்க?”

அவள் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். செங்கழுநீர் அம்மன் சத்தியமாக அதற்குத்தான் திறந்தாள். வந்தது வேறு.

“ஒண்ணுமில்லய்யா. பயப்படத் தேவையில்லையாம்.”

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. ராஜவேலின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது. ஓரடி பின்னால் போனான். அவளையும் அவள் இடுப்பிலிருந்த பெட்டியையும் பார்த்தான்.

“நீயும் மைக்கப் புடிச்சிட்டியா அஞ்சல?” என்றான்.